கல்வி மந்திரிக்குப் போடுவது

ஜப்பானுக்குச் சுற்றுலா போய் வருகிறவர்கள் விசிறி கொண்டுவருவார்கள், பச்சைத் தேயிலை கொண்டுவருவார்கள், முழங்கால் வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் கொண்டுவருவார்கள். சண்முகலிங்கம் ஒரு மந்திரிசபையைக் கொண்டுவந்தார்.

மொன்றியலில் எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எப்போதிருந்து என்று கேட்டால் அவருக்கே ஞாபகமில்லை. பொதுக்கூட்டம் கூட்டினால் தேர்தல் வைக்கவேண்டும். தேர்தல் வைத்தால் தோற்கவேண்டும். ஆகையால் வருடாவருடம் பனி, மழை, தலைவரின் பித்தப்பை என்று ஏதோவொன்று பொதுக்கூட்டத்தைத் தள்ளிவைத்துக்கொண்டிருந்தது. இந்த நிலையில்தான் மகள் அவரை ரோக்கியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு காட்சியகத்தில் வழிகாட்டிப் பெண் சொன்னாள்: ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்தில் ஜப்பானின் முதல் மந்திரிசபை அமைந்தது. இத்தோ ஹிரோபூமி முதல் பிரதமர். யாரும் வாக்குப்போட்டு அவர்களைத் தெரிவுசெய்யவில்லை.

கடைசி வசனம் சண்முகலிங்கத்தின் நெஞ்சில் தைத்தது. திரும்பி வந்ததும் செயற்குழுவைத் தன் வீட்டு நிலவறைக்கு அழைத்தார்.

"இனிமேல் இது செயற்குழு இல்லை, மந்திரிசபை" என்றார். "ஜப்பானிலை முதல் மந்திரிசபை கட்சிகளுக்கு மேலை நிண்டது. சண்டை பிடிக்கிற சனத்துக்கு மேலை. நாங்களும் அப்பிடி நிப்பம்."

"அங்கையும் கிழக்குக் குறிச்சி, மேற்குக் குறிச்சி இருந்ததோ அண்ணை?" என்று கேட்டான் யோசெப்.

"இருந்தது. சத்சுமா, சோஷு எண்டு ரெண்டு பகுதி. பதவி முழுக்க ஏறக்குறைய அவங்களுக்குள்ளைதான்."

அப்படியென்றால் தெரிந்த நாடுதான் என்று எல்லாருக்கும் ஆறுதலாயிற்று.

பதவிகள் பிரிக்கப்பட்டன. விழா நாட்களில் கார் நிறுத்த இடம் காட்டுகிறவர் தரைப்படை மந்திரி ஆனார். மன்னாரில் பிறந்து எங்கள் பாடசாலை விடுதியில் படித்த யோசெப் இல்-பிசார் தீவில் வீடு வாங்கியிருந்தான்; கோடையில் அங்கிருந்து லவாலுக்கு ஒரு பாதைப்படகு ஓடும். அது போதும், அவன் கடற்படை மந்திரி. "என்ர கடல் இப்ப ஐஸாக் கிடக்கு, சித்திரைக்குப் பிறகு யுத்தம் செய்யலாம்" என்றான். சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்துகிற இரவிச்சந்திரன் கல்வி மந்திரி.

புதிய யாப்பு, அதாவது சங்கத்தின் அரசியல் சட்டம், பெப்ரவரி பதினோராம் தேதி வெளியிடப்படும் என்று, இப்போது பிரதமராகிவிட்ட சண்முகலிங்கம் அறிவித்தார். ஜப்பானின் யாப்பும் அதே தேதியில்தான் வெளியானதாம். இத்தோ ஒரு தீவிலிருந்து அதை எழுதினார் என்பதால், சண்முகலிங்கமும் ஒரு வார இறுதி முழுக்க யோசெப் வீட்டில் போய் இருந்து எழுதினார். மூன்று வேளையும் யோசெப்பின் மனைவி சமைத்துப் போட்டாள். யாப்பின் முதற்பிரிவு: தலைவர் தலைவராகவே இருப்பார்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இரவிச்சந்திரனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், தைப்பூசம் வரைக்கும்.

அன்றைக்குக் கோயிலில் அவருடைய பள்ளிப் பிள்ளைகள் தேவாரம் பாடவேண்டும். பிள்ளைகள் பனிக்கோட்டும் தொப்பியுமாக வியர்த்து வழிந்துகொண்டு நிற்கிறார்கள்; சந்நிதியில் திரை மூடிக்கிடக்கிறது. ஐந்து நிமிடம் என்றார்கள். அரை மணியாயிற்று. காருக்குப் போய் சுருதிப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்த இரவிச்சந்திரன் சப்பாத்தைக் கழற்ற மறந்துபோனார். கையில் காரின் பனி தட்டுகிற நீண்ட பிரஷும் அப்படியே இருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்க்க, அந்த பிரஷின் நுனியால் திரையின் ஓரத்தை மெல்லத் தூக்கினார்.

உள்ளே, கவிழ்த்து வைத்த வாளியில் ஐயர் உட்கார்ந்து கடுதாசிக் கோப்பையில் கோப்பி ஊதிக்கொண்டிருந்தார். முருகன் அலங்காரம் எல்லாம் முடிந்து, புறப்படத் தயாராக நின்றார். ஐயரும் கல்வி மந்திரியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரை கீழே விழுந்தது.

திரும்பினால் மணிக்குப் பக்கத்தில் அருளம்பலம்.

அருளம்பலம் கோயிலின் நிர்வாகத் தலைவர். எண்பத்திரண்டிலேயே வந்தவர், ஊரில் யுத்தம் வெடிக்கமுதல், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பிரசாதம் கையில் வாங்கும் விதம் பிழையென்றாலே அரை மணிநேரம் பிரசங்கம் செய்கிற மனிதர். அவர் இரவிச்சந்திரனின் முகத்தைப் பார்த்தார். பிரஷைப் பார்த்தார். உப்பும் சேறும் ஒழுகிக்கொண்டிருந்த சப்பாத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அருளம்பலம் ஒன்றும் சொல்லாமல் போனார் என்பதுதான் முதற் பயம்.

இரண்டாவது பயத்தைக் கொண்டுவந்தவள் மகள் கஜந்தினி. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக்குப் போகிறாள். அப்பாவின் பதவியை அவள் ஒரு பெரிய பகிடியாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் போனைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, உங்கட ஆளை மேர்டர் பண்ணிட்டாங்கள், தெரியுமோ?"

"என்ர ஆர்?"

"ஜப்பான் எஜுகேஷன் மினிஸ்டர். மோரி அரினோரி. ஃபெப்ரவரி லெவன். யாப்பு வெளியிட்ட அதே நாள். விழாவுக்கு வெளிக்கிடேக்குள்ள, வீட்டிலையே. கிச்சின் கத்தி."

இரவிச்சந்திரன் பிட்டைப் பிசைவதை நிறுத்தினார். "ஏன் குத்தினவனாம்?"

"அது... ஒரு பெரிய கோயிலுக்குப் போனவராம். சப்பாத்தோடை உள்ள போனாராம். பிறகு..." அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "வோக்கிங் ஸ்டிக்காலை திரையைத் தூக்கிப் பாத்தாராம். பொய்யாவும் இருக்கலாமாம், ஆனா சனம் நம்பிச்சுது. குத்தினவனை காவல்காரர் அதிலையே சாகடிச்சிட்டாங்கள். அவன்ர கல்லறைக்குச் சனம் பூ கொண்டுபோனதாம். கொலைகாரனுக்கு! இதென்ன சனமப்பா?"

அது என்ன சனம் என்று இரவிச்சந்திரனுக்கு நன்றாகவே தெரியும். அவர் எழுந்து கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவிக்கொண்டே நின்றார்.

தைப்பூசத்தில் நடந்ததை மகள் அறியமாட்டாள். மனைவி ஞானாம்பிகைக்குத் தெரியும். அடுப்படியில் அவர் மெதுவாகச் சொன்னபோது அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"உங்களைக் குத்தி அருளம்பலத்தாருக்கு என்ன கிடைக்கப்போகுது? அந்த மனிசன் தேங்காய் உடைக்கவே ஆள் தேடுறது."

"ஆள் தேடுறதுதான் பயம்."

"விசர்க்கதை கதையாதேங்கோ."

அவருக்கும் விசர்க்கதை என்றுதான் பட்டது, அடுத்த சனிக்கிழமை வரைக்கும்.

பள்ளியின் பழைய புத்தகப் பெட்டிகளைக் கோயில் களஞ்சிய அறையில் வைக்க அவர் மத்தியானம் போனார். அறைக்கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அருளம்பலத்தின் குரல். மற்றக் குரல் பிரதமருடையது.

"மற்ற ஆக்களுக்கு ஆர் போட்டாலும் பரவாயில்லை. திரையைத் தூக்கின ஆளுக்கு நான்தான் போடுவன்."

"நீங்களே போடுங்கோ அண்ணை. உங்கட கையாலை போட்டாத்தான் சனத்துக்கு விளங்கும்."

"ஓம். சபை நடுவிலை, எல்லாரும் பாக்கப் போடவேணும். ஆளுக்கு முதலே சொல்லிப்போடாதேயும்."

"சொன்னா ஆள் வரமாட்டார்."

"நான் பின்னாலை இருந்து வாறன். அவர் திரும்பிப் பாக்கமுதல் போட்டிடுவன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இரவிச்சந்திரன் புத்தகப் பெட்டியைச் சத்தமில்லாமல் நிலத்தில் வைத்தார். வைத்துவிட்டுக் கார் வரைக்கும் நடந்தார். ஓடினால் காலடி கேட்கும்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். 'போடுறது' என்றால் எங்கள் ஊரில் ஒருகாலத்தில் கோலம் போடுவது, பால் தேத்தண்ணி போடுவது, கையெழுத்துப் போடுவது. பிறகு ஒரு காலம் வந்தது. 'ஆளுக்குப் போட்டாச்சு' என்றால் எங்கே போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை, மண்டையில்தான். அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்கள், குழந்தைகள்கூட. இரவிச்சந்திரனின் மூத்த அண்ணர் எங்கள் பாடசாலையின் உப அதிபர். ஒருநாள் பின்னேரம் வீட்டு வாசல் படலையில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நல்ல மரியாதையான பொடியங்கள். "மாஸ்டர், ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்றார்கள். அண்ணர் சேர்ட்டைக்கூட மாற்றவில்லை. இருட்டமுதல் சந்தியிலிருந்து ஒரு கிழவன் ஓடிவந்து சொன்னான்: "மாஸ்டருக்குப் போட்டிட்டாங்கள்." யார் போட்டது, எதற்குப் போட்டது என்பதை ஊர் இன்றைக்கும் கதைப்பதில்லை. மொன்றியலிலும் கதைப்பதில்லை.

அன்று முதல் இரவிச்சந்திரன் தன் வீட்டுக்குப் பின்பக்க வாசலால் போய்வந்தார். அவர் இருந்த கார்ட்டியர்வில்லில் பின்பக்கம் என்பது முழங்காலளவு பனி. அழைப்பு மணி அடித்தால் அலுமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பீட்சா கொண்டுவந்த பொடியன், "பொன்ஜூர், பொன்ஜூர்" என்று கத்திவிட்டுப் பெட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனான். அதை யாரும் எடுக்கவில்லை, அணில் தின்றது.

ஒரு மாலை பிரதமருக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, நான் ராஜினாமாச் செய்யிறன்."

"என்ன ஐசே, விளையாடுறீரோ? ஒரு மந்திரி கழண்டா மந்திரிசபையே கவிழும். ஜப்பானிலை தரைப்படை மந்திரி விலகி மந்திரிசபை கவிண்டது தெரியுமோ?"

"தரைப்படை இருக்கட்டும் அண்ணை. கல்வி மந்திரிக்கு என்ன நடந்ததெண்டு வாசிச்சனீங்களோ?"

மறுபக்கத்தில் ஒரு நொடி அமைதி. சண்முகலிங்கம் ஜப்பானைப் பற்றி வாசித்தது காட்சியகத்தில் இலவசமாகக் கொடுத்த ஒற்றைத்தாள் மட்டுமே. ஆனால் இரவிச்சந்திரனுக்கு அந்த அமைதி வேறு மாதிரிக் கேட்டது.

"அதெல்லாம் பேந்து கதைப்பம். பதினொண்டாம் தேதி கட்டாயம் வாரும். உமக்கு ஒரு விசேசம் இருக்கு."

"என்ன விசேசம்?"

"சொன்னா அது விசேசமோ?"

போகாமல் வீட்டில் இருக்கலாம் என்று நினைத்தார். ஆனால் மோரியை வீட்டில் வைத்துத்தான் குத்தினான். அண்ணரையும் வீட்டுப் படலைக்கு வந்துதான் கேட்டார்கள். வீடு என்பது ஆட்களுக்குத் தெரிந்த இடம். மண்டபத்தில் சனம் இருக்கும், சாட்சி இருக்கும். சந்தியிலும் சனம் இருந்ததுதான் என்ற நினைவு வந்தபோது அதை அப்படியே விழுங்கினார். பொலிசுக்குச் சொல்லலாமா? பிரெஞ்சுக்காரப் பொலிசுக்காரனிடம், 'ஐயா, ஜப்பானில் நூற்றுச்சொச்ச வருடத்துக்கு முதல்...' என்று தொடங்குவதை எண்ணிப் பார்த்தார். தொடங்குவதை விட்டுவிட்டார்.

பதினோராம் தேதி காலை அவர் வேட்டி கட்டி, பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அந்த இரண்டு கிழமையும் அவரைக் கேலிபண்ணிக்கொண்டிருந்த ஞானாம்பிகை, அலுமாரியைத் திறந்து அவருடைய ஆகத் தடித்த குளிர்க்கோட்டை எடுத்து வந்தாள். வாத்து இறகு அடைத்தது. நெஞ்சிலிருந்து முழங்கால் வரைக்கும் வரும்.

"மேடையிலையும் கழட்டாதேங்கோ" என்றாள்.

"நீர்தானே விசர்க்கதை எண்டனீர்?"

அவள் கோட்டின் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினாள். அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன.

விழா ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில். மேடையில் நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, மந்திரிகளுக்குக் கதிரைகள். நடுவில் சண்முகலிங்கம், நெஞ்சில் ஏதோ ஒரு பதக்கம், அது கரம்போர்ட் போட்டியில் வென்றது என்று பின்னால் தெரியவந்தது. இரவிச்சந்திரன் முதலே வந்து ஓரத்துக் கதிரையைப் பிடித்தார். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கவேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. உட்கார்ந்து, கையை முதுகுப்பக்கம் நீட்டித் தடவினார். சுவர் இல்லை. துணி. மேடை முழுவதும் சிவப்புத் திரை தொங்கியது.

எழுந்து இடம் மாறப் போனவரை யோசெப் பிடித்து இருத்தினான். "இரு மச்சான். ஏன் கோட்டைப் போட்டுக்கொண்டு வேர்த்து ஒழுகிறாய்? நீ கல்வி மந்திரியோ, வடதுருவ மந்திரியோ?"

"அருளம்பலத்தார் எங்கை?"

"இப்ப முன்வரிசையிலை இருந்தவர்... காணேல்லை."

முன்வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. மூன்றாம் வரிசையில் ஞானாம்பிகையும் அந்தக் கதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரதமர் எழுந்தார். யாப்பைச் சக்கரவர்த்தி போல இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். "இத்தோ ஹிரோபூமி ஒரு விவசாயியின்ர மகன். நானும் ஒரு விவசாயியின்ர மகன். மிச்சத்தை உங்கட ஊகத்துக்கு விடுறன்" என்றார். கைதட்டல் மந்தமாக வந்தது. கஜந்தினியும் அவளுடைய சிநேகிதப் பிள்ளைகளும் பின்னால் நின்று போனில் படம்பிடித்தார்கள்.

"இப்ப ஒரு விசேசம்" என்றார் பிரதமர். "எங்கட கல்வி மந்திரிக்கு..."

இரவிச்சந்திரனின் பிடரியில் காற்றுப் பட்டது. திரை தூக்கப்படுகிறது. அதை அவர் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லை. திரை தூக்கினால் காற்று எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும். ஒரு மூச்சு. ஒரு காலடி. தோளில் ஏதோ தொட்டது.

"படுங்கோ!"

அது அவருடைய தொண்டையிலிருந்துதான் வந்தது, ஆனால் பல வருடங்களாக அவர் பாவிக்காத குரல். கதிரையோடு சேர்ந்து பக்கவாட்டில் விழுந்தார். அந்த இரும்புக் கதிரை மரமேடையில் அடித்த சத்தம், சீமெந்துச் சுவர் நிலவறையில், துவக்கு வெடித்த சத்தம் தவிர வேறெதுபோலவும் கேட்கவில்லை.

மண்டபம் படுத்தது.

யாரும் யோசிக்கவில்லை. கணக்காளர், பல் வைத்தியர், தரைப்படை மந்திரி, காஞ்சிபுரம் கட்டிய பெண்கள், மூட்டு மாற்றிய கிழவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கதிரைகளுக்கு இடையில் குப்புற விழுந்து, கையால் தலையைப் பொத்திக்கொண்டு, வாயைச் சற்றுத் திறந்துவைத்திருந்தார்கள். காது வெடிக்காமலிருக்க அப்படித்தான் திறந்துவைக்க வேண்டும். மேடையில் வெள்ளை விரிப்புக்குக் கீழே மந்திரிசபை முழுவதும் கவிழ்ந்து கிடந்தது. பிரதமரின் பதக்கம் கழன்று உருண்டு போயிற்று.

"எந்தப் பக்கத்தாலை வருது?" என்று சண்முகலிங்கம் கிசுகிசுத்தார். அந்தக் குரலில் ஜப்பான் இல்லை.

"தலையைத் தூக்காதேங்கோ" என்றான் யோசெப்.

நின்றவர்கள் இங்கே பிறந்த பிள்ளைகள் மட்டுமே. போனைப் பிடித்த கைகள் அப்படியே நின்றன. தாயும் தகப்பனும் மாமியும் ஒரே வீச்சில் நிலத்தோடு நிலமானதை அவர்கள் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு சின்னப்பிள்ளை மட்டும் பிரெஞ்சில், "இது விளையாட்டா?" என்று கேட்டது.

மேடையில் நின்ற ஒரே பெரிய மனிதர் அருளம்பலம். அவருடைய கையில் ஒரு பொன்னாடை, விரித்தபடி. கோயிலுக்கும் கல்வி மந்திரிக்கும் மனஸ்தாபம் என்று ஊர் கதைப்பதை நிறுத்தத்தான், தன் கையாலேயே அதைப் போடுவேன் என்று அவர் கேட்டு வாங்கியிருந்தார். அவர் காலடியில் குப்புறக் கிடந்த இரவிச்சந்திரனைப் பார்த்தார். கோட்டுக்குள் வெந்து மயங்கிவிட்டார் என்று நினைத்தார் போலிருக்கிறது. போடவந்ததைப் போட்டே ஆகவேண்டும் என்றும் நினைத்திருக்கலாம். குனிந்து, பொன்னாடையை அந்த முதுகின் மேல், தலையும் மறையும்படி, நேர்த்தியாகப் போர்த்தினார்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஞானாம்பிகை தலையைத் தூக்கியது அப்போதுதான். மேடையில் துணி மூடிய ஓர் உடலைக் கண்டாள். அவளிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக் கஜந்தினி போனைக் கீழே போட்டுவிட்டு மேடைக்கு ஓடினாள். "அப்பா! அப்பா!"

துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, மகளின் காலைப் பிடித்துக் கீழே இழுத்தது.

"படு பிள்ளை" என்றது உள்ளிருந்த குரல். "இன்னும் முடியேல்லை. படு."

"அப்பா, அது சால்வையப்பா. சால்வை, பாருங்கோ! ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை."

துணியின் கீழ் இரவிச்சந்திரன் சரிகையைக் கையால் தடவிப் பார்த்தார். தடவிப் பார்த்த பிறகும் தலையை வெளியே எடுக்கவில்லை.

"அண்ணை," என்றார் உள்ளேயிருந்தபடி, "போடுறன் எண்டு சொன்னது இதையோ?"

"ஓம். வேறையென்னத்தைப் போடுறது?" என்றார் அருளம்பலம். அவருக்கு உண்மையாகவே தெரியாது. அந்தச் சொல் மாறமுதலே விமானம் ஏறிவிட்ட மனிதர். மண்டபம் முழுவதையும் ஒருதரம் பார்த்தார். கதிரைகளுக்கிடையில் முதுகு முதுகாகக் கிடந்த தன் ஊரைப் பார்த்தார்.

"என்னடாப்பா, எல்லாரும் ஏன் படுத்திருக்கிறியள்?"

ஒருவரும் முதலில் எழும்பவில்லை. மேசைக்குக் கீழே பிரதமர் தரைப்படை மந்திரியை விரலால் தட்டி, "நீர் ஒருக்கா எட்டிப் பாரும்" என்றார். தரைப்படை மந்திரி கடற்படை மந்திரியைப் பார்த்தார். கடற்படை கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

கஜந்தினிக்கு வேறு வழி தெரியவில்லை. அப்பாவின் கை இன்னும் அவளுடைய கணுக்காலை விடவில்லை. அவள் மெல்ல முழந்தாளிட்டு, பிறகு அவருக்குப் பக்கத்தில் மேடையில் நீட்டிப் படுத்து, பொன்னாடையின் ஓரத்தைத் தன் கையால் தூக்கி உள்ளே பார்த்தாள்.